மன்னார் மிராண்டா

முதல் கதை அச்சில் வந்த நாளில் யாராவது பயப்படுவார்களா? நிலானி மிராண்டா பயந்தாள். வியாழக்கிழமை வேலை முடிந்து ஆக்லாந்தின் தகனினிப் பகுதியில் இருந்த வீட்டுக்கு வந்தபோது வாசற்கதவடியில் பார்சல் கிடந்தது. கைப்பையைக்கூட இறக்கி வைக்காமல் நின்றபடியே பிரித்தாள். நீல அட்டை, நடுவில் ஒரு மீன்பிடிப் படகு. நியூசிலாந்தில் வாழும் பிலிப்பினோக்கள் ஆங்கிலத்தில் எழுதிய சிறுகதைகள் என்று கீழே போட்டிருந்தது. கடைசிக் கதை அவளுடையது.

சிக்கல் இவ்வளவுதான். நிலானி பிலிப்பினோ இல்லை, தமிழச்சி. மன்னாரில் பிறந்து, சண்டைக் காலத்தில் ஊர் ஊராக இடம்பெயர்ந்து, பள்ளிக்கூட வயதிலேயே தாயோடு ஆக்லாந்துக்கு வந்து சேர்ந்தவள். மிராண்டா அவளுடைய அப்பாவழிப் பெயர். போர்த்துக்கீசர் மன்னார்க் கரையில் ஞானஸ்நானத்தோடு சேர்த்து விட்டுப்போன பெயர்களில் ஒன்று. அந்தக் கரையில் குரூஸ் உண்டு, பீரிஸ் உண்டு, மிராண்டாவும் உண்டு. ஸ்பானியர் பிலிப்பைன்ஸ் கரையில் விட்டுப்போன பெயர்களிலும் மிராண்டா உண்டு. ஒரே பெயர் இரண்டு கடலில் கரை ஒதுங்கியதற்கு அவள் என்ன செய்வாள்? பெயருக்கு அவள் பொறுப்பில்லை. ஆனால் ஒரு வருஷமாக வாயை மூடிக்கொண்டிருந்ததற்கு அவள்தான் பொறுப்பு.

அது ஆக்லாந்தின் இன்னொரு பகுதியான ஒடாஹுஹுவில் தொடங்கியது. அவள் வேலை செய்யும் பல் கிளினிக்குக்குப் பக்கத்து நூலகத்தில், சனிக்கிழமைகளில் எழுத்து வகுப்பு, இலவசம் என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். நிலானி சின்ன வயதிலிருந்தே ஒளித்து ஒளித்து ஆங்கிலத்தில் கதை எழுதுகிறவள். இங்குள்ள பத்திரிகைகளுக்கு அனுப்பியவை எல்லாம் போன வேகத்தில் திரும்பி வந்தன. போய்த்தான் பார்ப்போமே என்று போனாள். மேசையைச் சுற்றி இருந்த எல்லாருமே பிலிப்பினோக்கள். வகுப்பை நடத்தியவர் மிலாக்ரோஸ், எல்லாருக்கும் மிலா. மணிலாவில் இலக்கியம் கற்பித்துவிட்டு வந்து, இங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் கற்பிக்கிற, அறுபதைத் தாண்டிய பெண்மணி. வந்தவர்களின் பெயர்களைக் கேட்டுக்கொண்டே வந்தவர் இவளிடம் வந்ததும் முகம் மலர்ந்தார்.

“மிராண்டாவா? எந்தப் பக்கம் நீ?”

“ஒரு தீவு. மீன்பிடி ஊர்” என்றாள் நிலானி.

அதில் பொய்யில்லை. மன்னார் தீவுதான், மீன்பிடி ஊர்தான். “அதுதானே பார்த்தேன், கடற்கரைப் பிள்ளையின் நிறம்” என்றார் மிலா. மேசையைச் சுற்றி இருந்தவர்கள் தலையாட்டினார்கள். யாரோ அவள் பக்கம் பிஸ்கட் தட்டைத் தள்ளினார்கள். திருத்தியிருக்க வேண்டிய நேரம் அதுதான். திருத்தவில்லை.

ஏன் திருத்தவில்லை என்று கேட்பீர்கள். இந்த ஊரில் அவள் திருத்தாத நாளே கிடையாது. இந்தியாவா என்பார்கள், இல்லை, இலங்கை. அப்படியானால் சிங்களமா? இல்லை, தமிழ். தமிழ் என்றால் இந்துதானே? இல்லை, கத்தோலிக்கம். சரி, வெள்ளைக்காரர்தான் அப்படிக் கேட்கிறார்கள் என்று விட்டால், சொந்தச் சனம் அதைவிட மோசம். ஒருமுறை சான்ட்ரிங்ஹாமில் நம்மூர்ச் சாமான் விற்கிற கடையில் மரவள்ளிக்கிழங்கு பொறுக்கிக்கொண்டு நின்றவளிடம், தமிழ்ச் சங்கக்காரர் விநாயகமூர்த்தி பெயரைக் கேட்டுவிட்டு, “மிராண்டாவோ? அப்ப நீங்கள் பறங்கி ஆக்களே? ஆனாலும் தமிழ் நல்லாக் கதைக்கிறியள்!” என்று, ஐரோப்பியக் கலப்புச் சந்ததி என்று எண்ணிப் பாராட்டினார். நிலானி கிழங்கைப் போட்டுவிட்டு வந்துவிட்டாள். அந்த நூலக மேசையில்தான் முதன்முதலாக அவள் பெயரைக் கேட்டு யாரும் புருவத்தைத் தூக்கவில்லை. அந்தோனியார் திருநாள் என்றால் “எங்களூரிலும்” என்றார்கள். கருவாடு என்றால் எச்சில் ஊறினார்கள். இராணுவம் வந்து ஆளைக் கூட்டிக்கொண்டு போனது, ஆள் திரும்பவில்லை என்றால், ஏன் என்று கேட்காமல் தலையைக் குனிந்தார்கள். அந்த ஆறுதல் அவளுக்கு வேண்டியிருந்தது. முதல் வாரம் சொல்லாததை இரண்டாம் வாரம் சொல்ல வெட்கமாக இருந்தது. மூன்றாம் வாரம் பயமாகவே ஆகிவிட்டது.

மிலாவின் வகுப்பில் ஒரு சட்டம் இருந்தது. வெளியாளுக்கு விளக்காதே. “ஒருவன் வந்து நமக்குப் பெயர் வைத்தான். இன்னொருவன் வந்து நம்மைத் தன் மொழியில் பேச வைத்தான். அந்த மொழியில் நாம் கதை எழுதினால், இதற்கு என்ன அர்த்தம், அது எந்த நாடு என்று வாசலில் நின்று அவனுக்குப் பதில் சொல்ல வேண்டுமா? உங்கள் ஆட்களுக்கு எழுதுங்கள். தெரிந்தவனுக்குத் தெரியட்டும்” என்பார். ஆகவே நாட்டின் பெயர் எழுதினால் அடித்துவிடுவார். ஊரின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு விளக்கம் வந்தால் அதையும் அடிப்பார். நிலானி எழுதிய கதையில் மன்னார் போனது, தமிழ் என்ற சொல் போனது, இலங்கை போனது. கடைசியில் மிஞ்சியது ஒரு கடற்கரை, ஒரு கன்னியர் மடம், ‘எங்கள் பாஷை’ என்ற இரண்டு சொற்கள், ஒரு சிறுமி.

அந்தச் சிறுமி அவளுடைய அம்மா பிலோமினாதான். மடத்து விடுதியில் ஆங்கிலம் தவிர வேறு பேசினால் கழுத்தில் ஒரு பலகையைத் தொங்கவிடுவார்களாம். அடுத்ததாக வாய் தவறுகிற பிள்ளையைக் காட்டிக்கொடுத்தால் பலகை அவளுக்குப் போகும். பொழுது படும்போது யார் கழுத்தில் கிடக்கிறதோ அவளுக்குச் சாப்பாடு இல்லை. பலகை தன் கழுத்துக்கு வந்தபோது பிலோமினா யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை, வாயையும் திறக்கவில்லை. லீவுக்கு வீட்டுக்குப் போய்ப் பல நாள்வரை தன் தாயோடும் பேசவில்லை. கதை அவ்வளவுதான். வகுப்பில் வாசித்தபோது மிலா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். அப்படிப்பட்ட ஆளிடம் போய், நான் உங்கள் ஆள் இல்லை என்று எந்த வாயால் சொல்வது?

இப்போது புத்தகமாகவே வந்துவிட்டது. கதவடியில் நின்றபடியே நிலானி முன்னுரையைப் புரட்டினாள். மிலா எழுதியது. பிலிப்பினோக்களின் ஆங்கிலம் இரவல் சட்டை என்று சொல்லும் பண்டிதர்களுக்கு மறுப்பாக நீளமாக எழுதியிருந்தார். நடுவில் இவளுடைய பெயர் இருந்தது. ‘மிராண்டாவின் கதையைப் பாருங்கள். எங்கள் மொழியில் ஒரு சொல்கூட அதில் இல்லை. ஆனாலும் பூமியில் வேறெந்த நாட்டுக்காரராலும் இதை எழுதியிருக்க முடியாது.’

நிலானி புத்தகத்தைப் பட்டென்று மூடினாள்.

“மிலாவுக்கு போன் எடுத்துச் சொல்லுமன்” என்றான் ரஜிதன், அவள் கணவன். யாழ்ப்பாணத்தான். வேலையால் வந்து சோபாவில் காலை நீட்டி, அந்த வரியை இரண்டு தரம் வாசித்துச் சிரித்து முடித்திருந்தான். “நீர் என்ன கொலையா செய்தனீர்? வாயைத் திறக்கேல்ல. அவ்வளவுதானே.”

“சிரிக்காதேங்கோ. அவ என்னை வெறுத்துப்போடுவா.”

“சனிக்கிழமை விழாவில ஆரும் கண்டுபிடிச்சா இதைவிட வெறுப்பா. முழுப் பூசணிக்காயைச் சோத்துக்குள்ள எவ்வளவு நேரம் மறைக்கப் போறீர்?”

அவன் சொன்னது சரி. சரியானதைச் சொல்கிறவர்கள் மேல் அந்த நேரத்தில் கோபம்தான் வரும். நிலானி போனை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

மிலா முதல் மணியிலேயே எடுத்தார். “புத்தகம் கிடைத்ததா? முன்னுரை பார்த்தாயா? கேள், கேள், அந்த மனிதர் வருகிறார். எங்கள் துறைப் பேராசிரியர். இரவல் சட்டை என்று எழுதினாரே, அவரேதான். முன்வரிசையில் இடம் போட்டிருக்கிறேன். நீ கடைசியாக வாசிக்கிறாய். வாசித்து முடித்ததும் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும் எனக்கு.”

“மிலா, ஒரு விஷயம் சொல்ல வேண்டும்.”

“பயமா? எனக்கும்தான். முப்பது வருஷமாக நான் சொல்லிவருவதற்கு உன் கதைதான் சாட்சி. பயப்படாதே, பிள்ளை. நன்றாகத் தூங்கு.”

போன் வைக்கப்பட்டது. சொல்லியிருக்கலாம்; ஒரு வசனம்தான். ஆனால் இப்போது அந்த ஒரு வசனம் இவளைவிட மிலாவைத்தான் விழுத்தும். ஒரு தமிழச்சியின் கதையை வைத்துக்கொண்டுதானா நீ இவ்வளவு பேசினாய் என்று அந்தப் பேராசிரியர் சிரிப்பார். நிலானி கட்டிலில் உட்கார்ந்து நகத்தைக் கடித்தாள். சொன்னால் வெட்கம், அழுதால் துக்கம் என்பார்களே, அந்த நிலைமை.

வெள்ளிக்கிழமை பின்னேரம் வீட்டுக்கு வந்தால், அம்மா ஹாலில் இஸ்திரிப் பலகையை விரித்துப் பட்டுச் சேலையை அழுத்திக்கொண்டிருந்தார். பூசைக்கும் கலியாண வீட்டுக்கும் மட்டும் எடுக்கிற மாம்பழ நிறச் சேலை.

“நாளைக்கோ அம்மா இது?”

“பின்ன? என்ர பிள்ளையின்ர கதை புத்தகமா வந்திருக்கு. அதுவும் என்னைப் பற்றின கதை. கந்தலோட போறதே?” என்றார் பிலோமினா. எழுபதை எட்டிய ஆள். கடைக்காரரோடும் டாக்டரோடும் தேவைக்கு ஆங்கிலம் பேசுவாரே தவிர, வீட்டில் அதை நுழைய விட்டதில்லை. மகள் சின்ன வயதில் ஆங்கிலத்தில் ஏதும் கேட்டால் காது கேளாதவர் மாதிரி இருந்துவிடுவார். தமிழில் கேட்டால்தான் சோறு. அப்படி வளர்த்துத்தான் நிலானிக்கு இன்றுவரை தமிழ் தங்கியிருக்கிறது.

நிலானி பக்கத்தில் போய் நின்றாள். சேலைத் தலைப்பைத் தொட்டாள், விட்டாள். “அம்மா, ஒண்டு சொன்னால் கோவிக்கக் கூடாது.”

“சொல்லு.”

“அங்க இருக்கிற ஆக்கள் எங்களையும் பிலிப்பினோ எண்டுதான் நினைச்சுக்கொண்டிருக்கினம்.”

“நினைச்சா நினைக்கட்டும். இல்லையெண்டு சொல்லு.”

“இப்ப சொல்ல ஏலாது அம்மா. பிறகு ஆறுதலாச் சொல்லுவன். நாளைக்கு மட்டும்…” எச்சிலை விழுங்கினாள். “நாளைக்கு மட்டும் சேலை வேண்டாம். அங்க தமிழும் கதைக்க வேண்டாம். ஆரும் கேட்டால் சிரிச்சுக்கொண்டு இருங்கோ. காணும்.”

இஸ்திரிப்பெட்டி சேலை மேல் நின்றுவிட்டது. துணி பொசுங்கப் போகிறதே என்று நிலானி கை நீட்டுவதற்குள் அம்மா அதைத் தூக்கி நிமிர்த்தி வைத்தார். மகளை ஒருதரம் பார்த்தார். திட்டியிருந்தால் நிலானிக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

“சரி” என்றார். சேலையை மடித்து உள்ளே கொண்டுபோய் வைத்தார். “கவுன் போடுறன்.”

சனிக்கிழமை மத்தியானம் ஒடாஹுஹுவில் மண்டபம் நிறைந்திருந்தது. வாசலிலேயே சாப்பாட்டு வாசனை. நீள மேசையில் பன்சிட் நூடுல்ஸ், பொரித்த லும்பியா ரோல், சோயாவும் வினிகரும் போட்டு வேகவைத்த பன்றியிறைச்சி. நிலானி எதையும் தொடவில்லை. ரஜிதன் காரை நிறுத்த இடம் தேடிப் போய்விட்டான். அம்மா சாம்பல் நிறக் கவுனில், கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு, யாரைப் பார்த்தாலும் சிரித்தார். சொன்னதைச் சொன்னபடி செய்தார்.

மிலா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். வந்தவர் நிலானியைக் கவனிக்கவே இல்லை. நேரே அம்மாவின் முன்னால் குனிந்து, அவருடைய வலது கையைப் பிடித்து, புறங்கையைத் தன் நெற்றியில் ஒற்றினார். பிலிப்பினோக்கள் பெரியவர்களிடம் ஆசி கேட்கிற முறை அது. அம்மாவுக்கு அது யார் முறை என்று தெரியாது. தலையைக் குனிந்து ஒருத்தி முன்னால் நின்றால் மன்னாரில் என்ன செய்வார்களோ அதைச் செய்தார். பெருவிரலால் மிலாவின் நெற்றியில் சிலுவை வரைந்தார். மிலாவின் கண் கலங்கிவிட்டது.

“என் தாயும் இப்படித்தான்” என்றார். பிறகு தன் மொழியில் அம்மாவிடம் ஏதோ கேட்டார். அம்மா சிரித்தார். வேறொரு மொழியில், இன்னும் மெதுவாகக் கேட்டார். அதற்கும் அம்மா சிரித்தார். கடைசியாக ஆங்கிலத்தில் நிலானியைப் பார்த்து, “அம்மா ஏன் ஒன்றும் பேசவில்லை?” என்றார்.

“அவரால் பேச முடியாது” என்று வந்துவிட்டது நிலானியின் வாயில். “கொஞ்சக் காலமாக. ஏதோ நோய்.”

அதுவரை அவள் செய்தது மௌனம். இது பச்சைப் பொய். அதுவும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிற, ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த தாயைப் பற்றி. மிலா, “ஐயோ” என்று அம்மாவின் கையை இன்னொரு தரம் பிடித்துக்கொண்டார். அம்மா அப்போதும் சிரித்துக்கொண்டுதான் நின்றார். நிலானிக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

கதைகள் ஒவ்வொன்றாக வாசிக்கப்பட்டன. எதுவும் அவள் காதில் ஏறவில்லை. முன்வரிசையில் ஒரு கரையில் அந்தப் பேராசிரியர் கால்மேல் கால் போட்டபடி இருந்தார், மறுகரையில் அம்மா. இவள் முறை வந்தது. மேடைக்குப் போய்ப் புத்தகத்தை விரித்தாள். தாள் புரட்டிய சத்தம் மைக்கில் கேட்டது. வாசித்தாள். பலகை வருகிற இடத்தில் பலர் கதிரையில் முன்னால் சாய்ந்தார்கள். சிறுமி வீட்டுக்குப் போய்த் தாயோடு பேசாத இடத்தில் மூக்கை உறிஞ்சுகிற சத்தங்கள் கேட்டன. வாசித்து முடித்ததும் கைதட்டல் வெகுநேரம் ஓயவில்லை. பேராசிரியரும் தட்டினார். மிலா அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார், முகம் முழுக்கச் சந்தோஷம். முடிந்தது, தப்பிவிட்டோம் என்று நிலானி மூச்சு விட்டாள்.

வெண்ணெய் திரண்டு வரும்போதுதானே தாழி உடையும். பின்வரிசையில் ஒரு பெண் கை தூக்கினாள். இருபது வயது இருக்கும். பேச்சு அச்சொட்டாக இந்த ஊர் ஆங்கிலம்.

“நான் ஆக்லாந்திலேயே பிறந்தவள். என் பெற்றோர் என்னோடு எங்கள் மொழியில் பேசவே இல்லை. ஆங்கிலம் கெட்டுவிடும் என்று பயந்தார்கள். அதனால் எனக்கு ஒரு சொல்லும் தெரியாது. அந்தச் சிறுமிக்குப் பலகை மாட்டினார்களே, அன்றைக்கு அவள் சொன்னது என்ன? அதை எங்கள் மொழியில் ஒருதரம் சொல்லிக் காட்டுவீர்களா? கேட்க ஆசையாக இருக்கிறது.”

மண்டபம் முழுவதும் நிலானியைப் பார்த்தது. மிலா ஆவலாகத் தலையை ஆட்டினார். எந்த மொழியில் சொல்வது? தெரியாது என்று சொல்லலாம். மறந்துவிட்டது என்று சொல்லலாம். கண்கள் தன்பாட்டில் அம்மாவைத் தேடின.

அம்மா கதிரையின் நுனியில் இருந்தார். வாய் பாதி திறந்திருந்தது. அந்தச் சொல் அவருடையது. கேட்கிறது ஒரு பிள்ளை. ஆனாலும் அவர் சொல்லவில்லை. மகளின் முகத்தைப் பார்த்தார், சொல்லட்டுமா என்று அனுமதி கேட்கிற மாதிரி.

நிலானி தன்னையறியாமல் தலையை இடமும் வலமும் அசைத்தாள். வேண்டாம்.

அம்மா வாயை மூடிக்கொண்டு கதிரையில் சாய்ந்தார்.

அதைப் பார்த்ததும் நிலானி புத்தகத்தை மூடினாள். பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். பயத்தைவிடத் தன் மேலுள்ள அருவருப்பு பெரிதாகிவிட்டது. மைக்கை இரண்டு கையாலும் பிடித்தாள்.

“எனக்கு உங்கள் மொழி தெரியாது. நான் பிலிப்பினோ இல்லை. இலங்கையில் மன்னார் என்ற ஊர். தமிழ். இந்தக் கதை அங்கே நடந்தது. யாரும் என்னை ஏமாற்றிக் கூட்டிவரவில்லை, நான்தான் ஒரு வருஷமாகச் சொல்லாமல் இருந்தேன். மிலாவுக்குத் தெரியாது. அந்தச் சிறுமி என் அம்மா. இதோ இருக்கிறார். அவரால் பேச முடியும். பேச வேண்டாம் என்று நேற்று நான் சொல்லிவிட்டேன்.”

பேராசிரியரின் உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. மிலா அதைப் பார்த்தார். அவர் முகம் வெளிறியதை மேடையிலிருந்தே நிலானி கண்டாள். ஆனால் தொடங்கிவிட்டதை நடுவில் விட முடியாது. அம்மாவைப் பார்த்து, மைக்கிலேயே, தமிழில் சொன்னாள்: “அம்மா, சொல்லுங்கோ. நீங்கள் என்ன சொன்னனீங்கள் எண்டு அந்தப் பிள்ளைக்குச் சொல்லுங்கோ.”

பிலோமினா எழுந்தார். கவுனை இழுத்துச் சரிசெய்தார். மடத்துப் பிள்ளைகள் நிற்கிற மாதிரி கைகளைப் பின்னால் கட்டினார். பின்வரிசைப் பெண் பக்கம் திரும்பவில்லை. மேடையில் நின்ற மகளையே பார்த்து, ஒரு பிசிறும் இல்லாத ஆங்கிலத்தில் சொன்னார்.

“ஐ ஆஸ்க்ட் ஃபார் வாட்டர், சிஸ்டர்.”

தண்ணீர் கேட்டேன், சிஸ்டர். மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. சிலர் அழுதார்கள். பழைய நாளின் குரலிலேயே அம்மா பதில் சொல்லியிருக்கிறார் என்று எல்லாரும் நினைத்தார்கள். அந்த ‘சிஸ்டர்’ யாருக்கென்று நிலானி ஒருத்திக்குத்தான் தெரியும்.

எப்படி மேடையை விட்டு இறங்கினாள் என்று அவளுக்கு நினைவில்லை. சனம் சாப்பாட்டு மேசைக்குக் கலைந்துகொண்டிருந்தது. மிலா மேடையோரத்தில் புத்தகங்களைப் பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டிருந்தார். நிலானி போய் நின்றாள். அவர் நிமிரவில்லை.

“மிலா, மன்னித்துவிடுங்கள்.”

“எந்த ஊர் என்று முதல் நாளே கேட்டேன்.”

“ஓம்… ஆமாம். கேட்டீர்கள்.”

“வேறெந்த நாட்டுக்காரராலும் எழுத முடியாது என்று எழுதினேன். அவர் அதை வாழ்நாள் முழுக்கச் சொல்லிச் சிரிப்பார். சிரிக்கட்டும்.” ஒரு புத்தகத்தை எடுத்து, வைக்க இடமில்லாமல் கையிலேயே வைத்துக்கொண்டார். “நம்மைப் பற்றி வெளியாட்கள் தெரியாமல் பேசுகிறார்கள் என்று முப்பது வருஷமாகக் கத்தியிருக்கிறேன். நான் உன்னைப் பற்றித் தெரியாமல் எழுதியிருக்கிறேன். அதை நான் பார்த்துக்கொள்வேன். வாய் கட்டப்பட்டவளின் கதை என்று முன்னுரையில் எழுதினேனே, கட்டுகிற கையும் நம் கைதான் என்று எழுதத் தவறிவிட்டேன். அதுதான் எனக்குச் சுடுகிறது.”

“நான் உங்களுக்கு எப்படியாவது…”

“உன் தாய் ஊமை என்று, நான் அவர் கையைப் பிடித்திருக்கும்போதே சொன்னாய்” என்றார் மிலா, இப்போது நிமிர்ந்து. அவர் குரல் உயரவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. “என்னிடம் மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறாய். வரிசையில் எனக்கு முன்னால் ஒருவர் இருக்கிறார், நிலானி. முதலில் அங்கே போ.”

நிலானி திரும்பினாள். சாப்பாட்டு மேசையின் மறுகோடியில் பெண்கள் வட்டமாக நின்றார்கள். நடுவில் அம்மா. தமிழில் வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தார். “இது எங்கட ரோல்ஸ்தான், ஆனா மிளகு காணாது, கொஞ்சம் தூக்கலாப் போடோணும்” என்று லும்பியாவைக் காட்டிச் சொல்ல, ஒரு கிழவி தன் மொழியில் ஏதோ மறுத்துச் சொல்ல, இருவருமே ஒருவருக்கொருவர் விளங்காமல் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கேள்வி கேட்ட இளம்பெண்ணும் அங்கே நின்றாள். அம்மா அவளுக்குத் தண்ணீர்க் கிளாஸைத் தூக்கிக் காட்டி, “தண்ணி. சொல்லு பாப்பம். தண்ணி” என்று சொல்லிக்கொடுத்தார். அந்தப் பெண் திக்கித் திக்கிச் சொன்னாள். சரியாகச் சொல்லிவிட்டதும் அம்மா அவள் கன்னத்தைக் கிள்ளினார்.

நிலானி ஒரு தட்டை எடுத்தாள். அம்மாவுக்குப் பிடிக்கும் என்று நூடுல்ஸும் இறைச்சியும் எடுத்து வைத்தாள். கூட்டத்துக்குள் நுழைந்து பக்கத்தில் போய் நின்றாள்.

“அம்மா, சாப்பிடுங்கோவன்.”

அம்மா திரும்பினார். சிரிப்பு முகத்தில் அப்படியே இருந்தது, யாரைப் பார்த்தாலும் சிரிக்கும்படி மகள் சொன்ன அதே சிரிப்பு.

“நோ, தேங்க் யூ” என்றார்.